இணைப்பு அப்பாவின் பெயரில், சாவி பிள்ளையின் கையில்

யேர்மனியில் வாழும் எமது குடும்பங்களில் இணைய இணைப்பு பெரும்பாலும் தந்தையின் பெயரிலேயே பதிவாகியிருக்கும். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் அவர். மாதாந்தக் கட்டணம் கழிவதும் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்துதான். ஆனால், நடைக்கூடத்துச் சப்பாத்து அலுமாரியின் மேல் விளக்குகள் மின்ன அமர்ந்திருக்கும் அந்தப் பெட்டியை, தமிழில் திசைவி என்றும் எல்லோருடைய நாவிலும் ரூட்டர் என்றும் வழங்கும் அந்தக் கருவியை, முதல் நாள் பொருத்தியவர் யார்? அதற்குக் கடவுச்சொல் வைத்தவர் யார்? பல வீடுகளில் இதற்கு ஒரே விடைதான்: மூத்த மகன் அல்லது மகள். அப்போது அப்பிள்ளைக்குப் பதின்மூன்று அல்லது பதினான்கு வயது இருந்திருக்கும்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு எதுவுமில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்துக் கடிதம், வைத்தியரின் அறிக்கை, வீட்டு உரிமையாளர் அனுப்பிய வெப்பமூட்டற் கணக்கு என அனைத்தையும் டொச் மொழியிலிருந்து பெற்றோருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தே வளர்ந்தவர்கள் அவர்கள். ரூட்டரும் அந்த வரிசையில் வந்து சேர்ந்த இன்னொரு டொச் கடிதம், அவ்வளவுதான். "அது அவனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லும்போது எமது பெற்றோரின் குரலில் ஒரு பெருமிதமும் இருக்கும். அந்தப் பெருமிதம் நியாயமானதே. ஆயினும் அதற்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டவே இதனை எழுதுகிறேன்.

கடவுச்சொல்லைப் பிள்ளையிடமிருந்து பறித்தெடுக்க வேண்டும் என்பது எனது வாதமன்று. பெற்றோரும் ஒரு மாலைப்பொழுது பிள்ளையோடு அந்தப் பெட்டியின் முன் அமர வேண்டும் என்பதும், அதைக்கொண்டு எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை வீட்டு மொழியில் விளக்கமாகப் பேச வேண்டும் என்பதுமே வாதம். நல்லறிவுரையாக மட்டும் இதனைக் கூறவில்லை. இந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டு முதல் வழக்குக்கு வழக்கு கேட்டுவந்த கேள்விகள் இவைதாம்.

முதலில் ஓர் அடிப்படை விடயம். வீட்டுக்குள் பத்துக் கைத்தொலைபேசிகளும் நான்கு கணினிகளும் இருக்கலாம். வெளியுலகுக்குத் தெரிவது பொதுவாக அந்த இணைப்புக்கு வழங்கப்பட்ட ஐபி முகவரி மட்டுமே. டொரண்ட் முறையில் ஒரு திரைப்படத்தையோ பாடலையோ இறக்கும் கணினி, இறக்கும் அதே வேளையில் பெற்ற துண்டுகளைப் பிறருக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. சட்டம் இந்த அனுப்புதலைத்தான் கடுமையாகப் பார்க்கிறது. பார்ப்பதற்கு மட்டும் என்று தோன்றும் சில செயலிகளும் திரைக்குப் பின்னால் இதே முறையிலேயே இயங்குகின்றன. உரிமையாளர்கள் அமர்த்திய நிறுவனங்கள் அந்தப் பகிர்வுக் கூட்டத்தில் தாமும் சேர்ந்து, முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொள்கின்றன. பின்னர் நீதிமன்ற அனுமதியோடு தொலைபேசி நிறுவனத்திடமிருந்து ஒப்பந்தக்காரரின் பெயரைப் பெறுகின்றன. இறுதியில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்திலிருந்து தந்தையின் பெயருக்குக் கடிதம் வருகிறது. அப்மானுங் என்று இங்குள்ளோர் அனைவரும் அறிந்த எச்சரிக்கைக் கடிதம் அதுவே. அந்த நேரத்தில் தந்தை தொழிற்சாலையில் இரவு வேலையில் நின்றிருப்பார். ஐபி முகவரிக்கு அது தெரியாது.

2010ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் கார்ல்ஸ்ரூவிலுள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்விடயத்தில் முதற்கல்லாக அமைந்தது. வழக்கின் எதிராளி, பாடல் பகிரப்பட்ட வேளையில் விடுமுறையில் வெளியூரில் இருந்தவர். அவருடைய கம்பியற்ற இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தனர். அவர் இழப்பீடு செலுத்த வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் இணைப்பை உரிய முறையில் பூட்டி வைக்காததற்கு அவரே பொறுப்பு என்றும், எச்சரிக்கைச் செலவை ஏற்க வேண்டும் என்றும் தீர்த்தது. ரூட்டரை வாங்கிய காலத்தில் வழக்கிலிருந்த பாதுகாப்பு முறையும், தனக்கெனப் போதிய நீளமான கடவுச்சொல்லும் ஒவ்வொரு தனியாளிடமும் எதிர்பார்க்கத் தக்கவை என்பதே அத்தீர்ப்பின் சாரம். தொழில்நுட்பம் மாறும் ஒவ்வொரு தடவையும் புதிய பெட்டி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை.

2016 நவம்பர் 24இல் வந்த இன்னொரு தீர்ப்பு இதனை மேலும் தெளிவாக்கியது. தயாரிப்பாளர் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஒதுக்கி, அதன் மேல் அச்சிட்டு அனுப்பும் பதினாறு இலக்கச் சாவியை மாற்றாமல் வைத்திருந்த ஒருவர் பொறுப்பாளியல்லர் என்று அதே நீதிமன்றம் கூறியது. ஒரே சாவி பல பெட்டிகளுக்கு இடப்பட்டிருந்தால் நிலைமை வேறு. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் சற்று வியப்பானது. "வாங்கியவுடன் கடவுச்சொல்லை மாற்று" என்ற பழைய அறிவுரையைக் கேட்டு, அந்த நீண்ட எண்ணை அழித்துவிட்டு, பிள்ளையின் பெயரையும் பிறந்த ஆண்டையும் வைப்பவர் தமது வீட்டைப் பூட்டவில்லை, திறந்துவிடுகிறார்.

எமது வீடுகளில் கடவுச்சொற்கள் எப்படி இருக்கின்றன என்பதை நாம் அறிவோம். ஊரின் பெயர். கோயிலின் பெயர். ஊரை விட்டு வெளிக்கிட்ட ஆண்டு. இவற்றை ஊகிக்கத் தமிழ்க் கடைகள் இலவசமாகக் கொடுக்கும் நாட்காட்டியைக் கூடப் புரட்ட வேண்டியதில்லை. நாட்காட்டியில்தான் அந்தக் கடவுச்சொல்லே எழுதப்பட்டிருக்கும் என்பது வேறு விடயம். போதாததற்கு, இணைப்பின் பெயராகக் குடும்பப் பெயரை இடுகிறோம். எட்டு வீடுகள் கொண்ட கட்டடத்தின் படிக்கட்டில் நிற்கும் எவருக்கும் எந்த இணைப்பு யாருடையது என்று அது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. பெயரை மறைத்து வைக்கும் வசதியை நம்புவோரும் உளர். மறைத்தாலும் அதனைக் கண்டறியும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எனவே மறைப்பதால் பெரும் பயன் இல்லை. அடையாளம் காட்டாத ஒரு பெயரை வைத்தாற் போதும்.

கம்பியற்ற இணைப்புக்கான கடவுச்சொல் எட்டு முதல் அறுபத்து மூன்று எழுத்துகள் வரை இருக்கலாம். இருபது எழுத்துகளுக்குக் குறையாதிருப்பது நன்று என்பது இந்நாட்டுத் தகவற் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அலுவலகத்தின் அறிவுரை. தமிழ் எழுத்துகளும் டொச் மொழிக்குரிய புள்ளியிட்ட எழுத்துகளும் இங்கு ஏற்புடையனவல்ல. ஆனால் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்கள்: உரல், மூக்குத்தி, கட்டுமரம், பனிச்சறுக்கு, திங்கள் என்பது போல. இதே ஐந்தை எடுக்க வேண்டாம். அச்சில் வந்த சொற்றொடர் எதுவும் சாவியாகத் தகாது. குறளையோ திரைப்பாடல் வரியையோ வைப்பதும் அவ்வாறே. தமிழில் எழுதினால் வெள்ளையருக்கு விளங்காது என்று எண்ணுவோர், கடவுச்சொல்லை உடைப்பவை இயந்திரங்கள் என்பதையும், அவற்றுக்கு ஊட்டப்படும் சொற்பட்டியல்களில் எந்த மொழியும் இடம்பெறலாம் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனி, பூட்டின் வகை. இணைப்பின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தால் சில ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள் வரும். டபிள்யூ.ஈ.பி. என்பது தொண்ணூறுகளில் வந்த முதல் பூட்டு. 2001இலேயே அதன் பலவீனம் வெளிப்பட்டது. 2007இல் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை ஒரு நிமிடத்துக்குள் உடைக்க முடியும் என்று காட்டினர். அதனைப் பூட்டு என்று அழைப்பதே தவறு. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.-2 இன்றும் ஏற்கத் தக்கது. 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.-3 அதனினும் சிறந்தது. பழைய கைத்தொலைபேசிகளும் அச்சுப்பொறிகளும் வீட்டில் இருந்தால், இரண்டையும் சேர்த்து அனுமதிக்கும் கலப்பு முறையைத் தெரிவு செய்யலாம். டபிள்யூ.பி.எஸ். என்ற விரைவு இணைப்பில் எட்டு இலக்கக் குறியீட்டைக் கொண்டு இணையும் முறையை நிறுத்திவிடுங்கள். அந்த எட்டு இலக்கங்களும் இரு பாதிகளாகச் சோதிக்கப்படுவதால், பத்துக் கோடி முயற்சிகளுக்குப் பதிலாக ஏறத்தாழப் பதினோராயிரம் முயற்சிகளே போதும் என்பது 2011ஆம் ஆண்டின் இறுதியில் வெளியானது.

பெற்றோர் பலர் குழம்பும் இடம் ஒன்றுண்டு. ஒரே பெட்டிக்கு மூன்று இரகசியங்கள் உள்ளன. கைத்தொலைபேசியில் இடும் வேலான் சாவி ஒன்று. பெட்டியின் அமைப்புகளுக்குள் நுழைவதற்கான கடவுச்சொல் இரண்டாவது. இந்நாட்டு வீடுகளில் பரவலாகக் காணப்படும் பிரிட்ஸ்பொக்ஸ் பெட்டிகளில் அது அடிப்புறத்து ஒட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். இணைய நிறுவனம் கடிதத்தில் அனுப்பும் அணுகல் விபரங்கள் மூன்றாவது. விருந்தினருக்கு முதலாவதைக் கொடுப்பதாலேயே ஒருவர் வீட்டுக்காரராகிவிட மாட்டார். இரண்டாவது எவரிடம் இருக்கிறதோ அவரே வீட்டுக்காரர். அது பெற்றோர் அறியாததாக இருக்கக்கூடாது.

பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு என்று நாற்பது பேர் வீட்டுக்கு வரும் எமது பண்பாட்டில், வந்தவர் வாசலில் கேட்கும் முதற் கேள்வி வேலான் சாவி என்றாகிவிட்டது. கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல எம்மால் முடிவதில்லை. அதற்காகத்தான் விருந்தினர் இணைப்பு என்ற வசதி பெட்டிகளில் உள்ளது. தனிப் பெயர், தனிச் சாவி, வீட்டுக் கணினிகளையும் அச்சுப்பொறியையும் எட்டாத தனிப் பாதை. கொண்டாட்டம் முடிந்ததும் அணைத்துவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விருந்தினர் பாதையால் சென்றாலும் வெளியே தெரிவது பொதுவாக உங்கள் முகவரிதான். ஆகவே உலாவலுக்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும் அனுமதி என்ற தெரிவு இருந்தால் அதனையும் இடுங்கள்.

இவையெல்லாம் கருவியோடு முடியும் வேலைகள். பிள்ளையோடு பேசுவதுதான் கடினம்.

2012 நவம்பர் 15இல் தீர்க்கப்பட்ட வழக்கில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் 1,147 ஒலிக்கோப்புகளைப் பகிர்வுக்கு வைத்திருந்தான். பன்னிரண்டாவது பிறந்தநாளுக்குத் தந்தை தமது பழைய கணினியை அவனுக்குக் கொடுத்திருந்தார். உரிமையாளர்கள் 3,000 யூரோ இழப்பீடும் அதற்கு மேல் சட்டச் செலவும் கேட்டனர். பெற்றோர் பொறுப்பாளிகள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வழமையாகச் சொற்கேட்டு நடக்கும் அவ்வயதுப் பிள்ளைக்கு, இத்தகைய பகிர்வு சட்டவிரோதம் என்று தெளிவாக விளக்கித் தடுத்திருந்தால் போதும். ஐயப்படக் காரணம் இல்லாத வரை பிள்ளையின் கணினியைச் சோதிக்கவோ இணையத்தை முடக்கவோ தேவையில்லை என்பது அத்தீர்ப்பு. பிள்ளையை வேவு பார்ப்பதே நல்ல பெற்றோருக்கு அழகு என்று எண்ணுவோர் இதனை இருமுறை வாசிக்க வேண்டும்.

ஆனால் 2015 யூன் 11இல் ஒரு தாய் தோற்றார். மகளுக்கு வயது பதினான்கு. ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பொதுவான விதிகளை வகுத்திருந்ததாக அவர் கூறியது போதாது என்றது நீதிமன்றம். கோப்புப் பகிர்வு கூடாது என்று குறிப்பாக விளக்கியதை அவரால் நிறுவ முடியவில்லை. பாடலுக்கு 200 யூரோ வீதம் இழப்பீடு ஏற்கப்பட்டது. இதை வாசித்தபோது எமது வீடுகளே நினைவுக்கு வந்தன. "ஒழுங்கா இரு", "எங்கட மானத்தை வாங்காத" என்பவை எமது பெற்றோர் வழங்கும் ஒட்டுமொத்த இணையக் கல்வி. அன்பில் குறைவில்லை, நீதிமன்றத்தில் அது செல்லாது. டொரண்ட் என்றால் என்ன, எந்தச் செயலி கூடாது, ஏன் கூடாது என்று பெயர் சொல்லிப் பேசியிருக்க வேண்டும். அதைப் பேசுவதற்குப் பெற்றோர் முதலில் அறிந்திருக்க வேண்டும். விளக்கியதை ஒரு தாளில் திகதியோடு எழுதி, பிள்ளையும் கையொப்பமிட்டு வைத்திருப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. தமிழிலேயே எழுதலாம்.

மூன்றாவது வழக்கு வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியது. 2017 மார்ச் 30இல் தீர்க்கப்பட்டது. இணைப்பு தனிக் கடவுச்சொல்லால் பாதுகாக்கப்பட்டிருந்தது. வீட்டில் மூன்று வளர்ந்த பிள்ளைகள். பாடகி ரிஹானாவின் ஓர் இசைத்தொகுப்பு பகிரப்பட்டது. மூவரில் யார் செய்தது என்பதைப் பெற்றோர் விசாரித்து அறிந்திருந்தனர்; ஆனால் பெயரைச் சொல்ல மறுத்தனர். நீதிமன்றம் பெற்றோரையே பொறுப்பாளிகளாக்கியது. செலுத்த வேண்டிய தொகை 3,500 யூரோவைத் தாண்டியது. அவர்கள் அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடினர். குடும்பத்துக்கு அரசியலமைப்பு தரும் பாதுகாப்பை 2019இல் அந்நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பிள்ளையைக் காட்டிக்கொடுக்க எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை, ஆனால் மௌனத்தின் விலையைச் செலுத்த வேண்டும் என்றது.

எமது பெற்றோர் இதில் என்ன செய்வார்கள் என்று கேட்கவே தேவையில்லை. பெயரைச் சொல்ல மாட்டார்கள். சீட்டுக்காசை எடுத்தாவது கட்டுவார்கள். இளையோரே, அந்தப் பணம் எத்தனை இரவு வேலைகளுக்குச் சமம் என்பது உங்களுக்கே தெரியும்.

2017 ஒக்டோபர் 13இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தோடு இந்தத் தொல்லைகள் ஒழிந்தன என்றொரு கதை எம்மவரிடையே உலவுகிறது. அது பாதி உண்மை. பிறர் செய்த குற்றத்துக்காக, வேலான் வழங்கியவரிடம் முன்போல் எச்சரிக்கைச் செலவு கேட்க முடியாது. அவ்விதி 2024 மே முதல் புதிய டிஜிட்டல் சேவைச் சட்டத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. ஆனால், இணைப்பின் சொந்தக்காரரே செய்திருப்பார் என்ற ஊகம் மறையவில்லை. வேறு யார் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பதை அவர்தான் விளக்க வேண்டும். "எல்லாம் மகனுக்குத்தான் தெரியும்" என்று நிற்பவரால் எதை விளக்க முடியும்?

பூட்டிய வீட்டுக்குள் வெளியாரும் நுழைந்திருக்கிறார்கள். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்ஸ்பொக்ஸ் பெட்டிகளின் தொலைவழி அணுகலில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்தவர்கள், வெளிநாட்டுக் கட்டண எண்களுக்கு அழைப்பெடுத்துப் பெருந்தொகைப் பற்றுச்சீட்டுகளை ஏற்படுத்தினர். தயாரிப்பாளர் விரைவாகத் திருத்தம் வெளியிட்டார். அதனை ஏற்றியவர்கள் தப்பினர். 2016 நவம்பர் இறுதியில் டொய்ச்ச ரெலிக்கொம் வாடிக்கையாளர்களின் ஏறத்தாழ 900,000 பெட்டிகள் ஒரு தாக்குதல் முயற்சியால் செயலிழந்தன. தானியங்கிப் புதுப்பித்தல் என்ற தெரிவு அமைப்புகளில் உள்ளது. அது இயங்குகிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் தொலைவழி அணுகல் தேவையில்லையெனில் நிறுத்துங்கள். தயாரிப்பாளர் புதுப்பிப்பதையே நிறுத்திவிட்ட பழைய பெட்டியை, இன்னும் வேலை செய்கிறது என்பதற்காக வைத்திருக்க வேண்டாம். அதை ஊரிலிருந்து புதிதாக வந்த உறவினருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கவும் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பின்னும் அந்தக் கடிதம் வந்துவிட்டால், அதனோடு ஓர் உறுதிமொழிப் படிவமும் வரும். அதில் அப்படியே கையொப்பமிடாதீர்கள். அது நீண்ட காலத்துக்குக் கட்டுப்படுத்தும், பல வேளைகளில் தேவைக்கு மேலாகவும் எழுதப்பட்டிருக்கும். குப்பையிலும் போடாதீர்கள், குறித்த நாள் கடந்தால் அடுத்தது நீதிமன்ற உத்தரவாக வரலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள நுகர்வோர் ஆலோசனை நிலையமோ, பதிப்புரிமைச் சட்டம் அறிந்த ஒரு சட்டத்தரணியோ அதனைப் பார்த்துச் சொல்வார். எமது வீடுகளில் தபாற்பெட்டியைத் திறப்பதும் பிள்ளைகள்தான். அந்தக் கடிதம் உங்கள் கையில் முதலில் கிடைத்தால், புத்தகப் பைக்குள் ஒளிக்காமல் அன்றிரவே அப்பாவின் மேசையில் வையுங்கள். பதிலுக்குத் தரப்படும் அவகாசம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமைகளே.